‘பெட்டர்’ என்றால் எத்தனை டிகிரி?

ஒரு மஞ்சள் அட்டை. முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்மணியுடையது. ரிட்டயர்டு ஆசிரியை, எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர். ஊர் பெயர், கிளினிக் பெயரெல்லாம் வேண்டாம். இதே அட்டை உங்கள் ஊரிலும் இருக்கும், உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கலாம்.

அட்டையில் 24 வரிகள். 24 நாள் ஃபிசியோதெரபி ‘சிட்டிங்’. ஒவ்வொரு வரியிலும் தேதி, ‘ஐ.எஃப்.டி. ப்ளஸ் எக்ஸர்சைஸ்’, அதற்குப் பக்கத்தில் ‘பெட்டர். கன்டினியூ’, கடைசியில் வாங்கிய பணம், ஒரு கிறுக்கல் கையெழுத்து. முதல் வரியில் பெட்டர். இரண்டாவது வரியில் பெட்டர். இருபத்துநாலாவது வரியிலும் பெட்டர். 24 நாள் தொடர்ந்து ஒருத்தருக்கு பெட்டராகிக்கொண்டே வந்தால் அவர் இந்நேரம் மெரினாவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவால் மாடிப்படி இறங்க முடியவில்லை.

மகன் வீட்டுக்கு ஊர் மாறிப் போனார். அங்கே புது தெரபிஸ்ட். நல்ல பிள்ளை. முதல் கேள்வியாக, “ஆபரேஷன் முடிஞ்சப்ப கால் எவ்வளவு மடங்கிச்சும்மா? இப்ப கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியவில்லை. அட்டைக்கும் தெரியவில்லை. அந்த அட்டையில் துல்லியமாக எழுதப்பட்டிருந்த ஒரே எண், ரூபாய்.

இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சின்ன விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பேப்பர் விவகாரம் இல்லை, கால் விவகாரம். சில சமயம் உயிர் விவகாரம்.

* * *

நம் ஊரில் எதற்குத்தான் எழுதி வைப்பதில்லை? பால்காரர் அட்டை போடுகிறார். மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டில் கால் கிலோ உளுந்துகூடத் தப்பாது. தையல்காரர் உங்கள் மார்பளவு, கையளவு, காலரளவு எல்லாவற்றையும் எழுதி, போன தீபாவளிக்கு 36 இருந்த இடுப்பு இப்போது 38 என்று கண்டுபிடித்துச் சிரிக்கிறார். காரை சர்வீஸுக்கு விட்டால் கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் அளவு, இடது பக்கக் கதவில் கீறல் உட்பட ஜாப் கார்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவியை வாங்குகிறார்கள்.

ஒரு மாருதி காருக்குக் கிடைக்கிற இந்த மரியாதை ஒரு மனுஷியின் முழங்காலுக்குக் கிடைக்காதா?

ஃபிசியோதெரபி என்பதையே நம் ஜனங்கள் ‘கரன்ட் வைக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள். “பத்து நாள் கரன்ட் வெச்சாங்க, ஒண்ணும் கேக்கலை.” தப்பு ஜனங்கள் மேல் இல்லை. அட்டையில் அதுதானே எழுதியிருக்கிறது? ‘ஐ.எஃப்.டி.’, ‘அல்ட்ராசவுண்ட்’, ‘வேக்ஸ்’ என்று மெஷின் பெயரை மட்டும் எழுதினால், வைத்தியம் பார்த்தது மெஷின் என்றுதான் ஆகும். நாலரை வருஷம் படித்துவிட்டு வந்த ஒரு மனிதர் அங்கே யோசித்தார், தொட்டுப் பார்த்தார், முடிவெடுத்தார் என்பதற்கு அட்டையில் ஒரு தடயமும் இல்லை. ஸ்விட்ச் போடுவதற்குப் பட்டம் எதற்கு?

* * *

எழுதுவது எப்படி என்று தெரியாத துறையா இது? இல்லவே இல்லை. அமெரிக்காவில் லாரன்ஸ் வீட் என்று ஒரு டாக்டர். 1968-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் தோன்றியதையெல்லாம் குவித்து வைக்கிறார்கள், அதைப் படித்தால் நோயாளியின் பிரச்னை என்ன என்றே புரியவில்லை, ஒவ்வொரு பிரச்னைக்கும் தனித்தனியாக ஒழுங்கோடு எழுதுங்கள் என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஸோப் நோட்’. குளிக்கிற சோப்பு இல்லை. நாலு ஆங்கில எழுத்துகள். நாலு கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி என்ன சொன்னார்? நான் என்ன அளந்தேன்? அதிலிருந்து எனக்கு என்ன புரிகிறது? அடுத்து என்ன செய்யப்போகிறேன்?

அவ்வளவுதான். இதை எல்லா ஃபிசியோதெரபி காலேஜிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வைவாவில் கேட்கிறார்கள். பையன்கள் பக்கம் பக்கமாகக் கேஸ் ஷீட் எழுதி மார்க் வாங்குகிறார்கள். பட்டம் வாங்கி, வெளியே வந்து, கிளினிக் திறந்த அன்றைக்கு ‘பெட்டர். கன்டினியூ’.

நல்ல நோட் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி தருகிறேன். மேலே சொன்ன அம்மாவுக்கே எழுதிப் பார்ப்போம்.

‘படி இறங்கும்போது வலது முட்டியில் வலி, பத்துக்கு 6; போன வாரம் 8. பாத்ரூம் போக இன்னொருவர் துணை வேண்டியிருக்கிறது. மடக்கம் 95 டிகிரி. போன வாரம் 85. முழுசாக நீட்ட முடியவில்லை, 10 டிகிரி பாக்கி. போன வாரமும் அதே 10. மடக்கம் தேறிவருகிறது. நீட்டல் நகரவே இல்லை. நடக்கும்போது நொண்டுவது அதனால்தான். இனி நீட்டலுக்கு முதலிடம். குதிகாலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து 10 நிமிஷம், நாளைக்கு 3 தடவை. செய்து காட்டச் சொல்லிப் பார்த்தேன், சரியாகச் செய்கிறார். அடுத்த வெள்ளி மறுபடி அளக்க வேண்டும். 5 டிகிரிக்குக் குறையவில்லை என்றால் சர்ஜனிடம் பேச வேண்டும்.’

எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மூணு நிமிஷம். தமிழிலோ ஆங்கிலத்திலோ தங்கிலீஷிலோ, எதில் எழுதினாலும் சரி. இதை வைத்துக்கொண்டு கன்னியாகுமரியில் இருக்கிற தெரபிஸ்ட்டும் காஞ்சிபுரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

அளப்பதற்குப் பெரிய மெஷின் வேண்டுமா? வேண்டாம். கோனியோமீட்டர் என்பது ஸ்கூல் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானிக்கு இரண்டு கைகள் முளைத்த மாதிரி ஒரு சாமான். கரன்ட் வைக்கிற மெஷின் விலையில் மூட்டை மூட்டையாக வாங்கலாம். தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க் போடுகிற முறை இருக்கிறது. அதற்குத் தெரபிஸ்ட்டின் கை போதும். வயசானவர் கீழே விழுவாரா மாட்டாரா என்று பார்க்க ஒரு டெஸ்ட், 1991-லிருந்து உலகம் முழுக்க நடப்பது: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை செகண்ட்? ஒரு நாற்காலி, ஒரு வாட்ச். நாற்காலி இல்லாத கிளினிக் உண்டா?

அளந்தால் மட்டும் போதாது, அளப்பதிலும் நாணயம் வேண்டும். கோனியோமீட்டரில் நாலைந்து டிகிரி கை மாறினாலே மாறும். நேற்று 90, இன்று 92 என்று எழுதி ‘முன்னேற்றம்’ என்று சொல்வது, வீட்டு எடை மெஷினில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி. ஒரே ஆள், ஒரே விதமாக உட்காரவைத்து, வாரத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதும். தினம் அளக்க வேண்டாம். ஒரு நாளும் அளக்காமல் ‘பெட்டர்’ என்று எழுதவும் வேண்டாம்.

* * *

“சரி ஸார், எழுதலைன்னா என்ன குடி முழுகிடும்? நாங்க நல்லாத்தானே ட்ரீட்மென்ட் குடுக்கறோம்?”

முழுகும். சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குக் கெண்டைக்கால் வலி. ‘மஸில் கேட்ச்’ என்று நினைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். அது கால் ரத்தக் குழாயில் உறைந்த கட்டியாக இருந்தால்? கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால்? ஆள் போய்விடுவார். இதைச் சந்தேகிக்க டாக்டர்கள் வைத்திருக்கிற அடையாளங்களில் ஒன்று மிகவும் எளிமையானது: இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் சுற்றி அளந்து பார், வித்தியாசம் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் விஷயம் சீரியஸ். தையல்காரர் டேப் போதும். முதல் நாளே இரண்டு காலையும் அளந்து எழுதி வைத்திருந்தால், ஐந்தாம் நாள் வந்த வீக்கம் தனியாகக் கண்ணில் படும். எழுதவில்லை என்றால், “ஆபரேஷன் ஆன கால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும்மா.”

இன்னொன்று. சர்க்கரை வியாதிக்காரர், தோள்வலி அல்லது பாத வலி. சூடு வைக்கிறார்கள். நம் ஊரில் சர்க்கரைக்குப் பஞ்சமா? பல வருஷ சர்க்கரையில் நரம்பு மரத்துப் போயிருந்தால் சூடு தெரியாது. “சுடுதாம்மா?” என்றால் “இல்லையே” என்பார். எழுந்து பார்த்தால் கொப்புளம். சர்க்கரைக்காரர் காலில் கொப்புளம் என்றால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். சூடு வைப்பதற்கு முன்னால் இரண்டு டெஸ்ட் ட்யூபில் வெந்நீரும் தண்ணீரும் ஊற்றி, ‘இது சூடா, அது சூடா’ என்று கண்ணை மூடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம். அந்தப் பரிசோதனைக்கு அட்டையில் ஒரு கட்டம் இருந்தால், கட்டம் காலியாக இருக்கிறதே என்று கை தயங்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, உடம்புக்குள் பிளேட், ஸ்க்ரூ உண்டா என்பதும் அப்படித்தான். எழுதுகிற பழக்கம்தான் கேட்கிற பழக்கத்தைக் காப்பாற்றுகிறது.

மூன்றாவது. இடுப்பு வலி. மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறார். ஒரு நாள் போகிறபோக்கில், “ரெண்டு நாளா ஒண்ணுக்குச் சரியா வரலை, உட்கார்ற இடம் மரத்த மாதிரி இருக்கு” என்கிறார். இது இடுப்புத் தண்டுவடத்தின் வால்பகுதி நரம்புகள் நசுங்குகிறதற்கான அபாய மணி. தாமதமில்லாமல் ஆபரேஷன் டேபிளுக்குப் போக வேண்டிய கேஸ். ‘நோயாளி சொன்னது’ என்ற முதல் கட்டத்தை ஒழுங்காக நிரப்புகிறவர் இதைக் காதில் வாங்குவார். ‘பெட்டர். கன்டினியூ’ என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டவர் காதில் இது விழாது.

* * *

வெளிநாட்டு சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் மண்ணிலேயே இதற்கு அருமையான முன்மாதிரி இருக்கிறது. வேலூர் பக்கம் கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழுநோய் கிருமியைவிடக் கொடுமை, அது நரம்பைத் தின்பதுதான். கை மரத்து, விரல் மடங்கி, காலில் புண் வந்து... அதனால் தொழுநோய் மையங்களில் ஒரு வழக்கம். கை, கால் பாதம் படம் போட்ட தாள் ஒன்று. பால்பாயின்ட் பேனா முனையால் குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா இல்லையா என்று அந்தப் படத்தில் குறிப்பார்கள். சுண்டுவிரலை விரி, கட்டைவிரலைத் தூக்கு, பாதத்தை மேலே உயர்த்து. பலமாக இருக்கிறதா, பலவீனமா, செயலே இல்லையா என்று எழுதுவார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப.

எதற்கு? நரம்புச் சேதம் ஆறு மாதத்துக்குள் புதிதாக வந்தது என்றால் ஸ்டீராய்டு கொடுத்து மீட்க வாய்ப்பு அதிகம். பழைய சேதம் என்றால் வாய்ப்பு குறைவு. புதுசா, பழசா என்பதை எந்த ஸ்கேன் சொல்லும்? போன தடவை எழுதிய அந்த ஒரு தாள்தான் சொல்லும். பேனா முனையும் ஒரு தாளும் சேர்ந்து எத்தனையோ பேருக்கு விரல்களை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கின்றன. பெரிய பட்டமில்லாத களப்பணியாளர்கள், மரத்தடியில் உட்கார்ந்து செய்த காரியம் இது. ஏ.சி. போட்ட கிளினிக்கில் முடியாதாம்!

* * *

இப்போது எதிர்க்கட்சியையும் கேட்போம். நியாயமாகவே ஒரு குரல் இருக்கிறது.

“ஸார், ஒரு நாளைக்கு முப்பது பேஷன்ட். ஒருத்தரை மெஷின்ல போட்டுட்டு இன்னொருத்தரை நடக்க வைக்கறேன். மூணாவது ஆள் வாசல்ல நின்னுக்கிட்டு ஆபீஸுக்கு நேரமாச்சுங்கறார். எப்ப எழுதறது? எனக்குக் குடுக்கற சம்பளத்துக்கு இதுவே ஜாஸ்தி.”

உண்மை. முப்பது பேருக்கு மூணு நிமிஷம் என்றால் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தை எந்த ஆஸ்பத்திரி முதலாளியும் டைம் டேபிளில் போடுவதில்லை. போட்டால் அதில் நாலு பேஷன்ட் குறையும்; நாலு பேஷன்ட் என்றால் நாலு பில். எனவே எழுதுகிற வேலையைத் தெரபிஸ்ட்டின் சாப்பாட்டு நேரத்திலும் பஸ் பிடிக்கிற நேரத்திலும் தள்ளிவிடுகிறார்கள். சாயந்திரம் ஏழு மணிக்கு முப்பது அட்டையையும் அடுக்கிவைத்துக்கொண்டு ஞாபகத்திலிருந்து எழுதினால் ‘பெட்டர்’ என்பதைத் தவிர வேறென்ன வரும்? ஆக, என் முதல் குட்டு இளம் தெரபிஸ்ட்டுக்கு இல்லை. அவரைக் கசக்கிப் பிழிகிற நிர்வாகத்துக்குத்தான். ரிசப்ஷனில் கிரானைட் போடக் காசிருக்கிறது. எழுதுவதற்கு ஐந்து நிமிஷம் வாங்கக் காசில்லை.

ஆனால் சொந்தமாகக் கிளினிக் வைத்திருப்பவர்கள்? அவர்களுக்கு யார் முதலாளி? அங்கேயும் அதே மஞ்சள் அட்டைதானே?

“கம்ப்யூட்டர் போட்டாச்சு ஸார், இனிமே பிரச்னை இல்லை” என்கிறார்கள் சிலர். பிரச்னை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அட்டையில் ‘பெட்டர்’ என்று கையால் 24 தடவை எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு தடவை அடித்து 23 தடவை காப்பி-பேஸ்ட். வலது முட்டிக்காரரின் பக்கத்தில் இடது தோள் எக்ஸர்சைஸ் இருக்கும். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆனவருக்கு ‘ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள்’ என்றே ஓடிக்கொண்டிருக்கும். காலியான அட்டையாவது நான் காலி என்று ஒப்புக்கொள்கிறது. காப்பி-பேஸ்ட் நோட் பொய் சாட்சி சொல்கிறது.

இதைவிட மோசம், இன்னும் நடக்காததை எழுதி வைப்பது. காலையிலேயே எல்லா அட்டையிலும் இன்றைய தேதி போட்டு நிரப்பிவிடுகிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பேஷன்ட் அன்றைக்கு வரவே இல்லை, அட்டையில் பெட்டர்!

* * *

அமெரிக்காவைப் பார் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே தெரபிஸ்ட்டுகள் எழுதி எழுதியே கை ஒடிகிறார்கள். முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ் ‘மெடிகேர்’. அதில் பதினைந்து நிமிஷம் ஒரு யூனிட். யூனிட்டுக்குப் பணம் கேட்கக் குறைந்தது எட்டு நிமிஷமாவது நேரடியாகச் சிகிச்சை கொடுத்திருக்க வேண்டும் என்று கணக்கு. நிமிஷக் கணக்கு எழுதுவதே ஒரு தனி உத்தியோகம். நோயாளிக்காக இருந்த நோட், பில்லுக்கான நோட் ஆகிவிட்டது.

அதில் நடந்த கூத்தையும் கேளுங்கள். நோட்டில் ‘முன்னேற்றம் இல்லை’ என்று வந்துவிட்டால், இனிமேல் பணம் கிடையாது என்று கைவிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கின்ஸன்ஸ் மாதிரி வியாதியில் இருக்கிற நிலைமை கீழே போகாமல் பிடித்து வைப்பதே பெரிய வெற்றி. அதை ‘முன்னேற்றம் இல்லை’ என்று ஒதுக்கினால்? 2011-ல் ஜிம்மோ என்ற பெண்மணி உட்படச் சிலர் கேஸ் போட்டார்கள். 2013 ஜனவரியில் வெர்மான்ட் ஃபெடரல் கோர்ட் ஒரு சமரசத்தை ஏற்றது. முன்னேறினால்தான் பணம் என்று ஒரு விதி இல்லை. நிலைமை சரியாமல் காப்பதற்குத் தேர்ந்த கை தேவைப்பட்டால் அதற்கும் உண்டு என்று ஆயிற்று. ஆனால் தேர்ந்த கை ஏன் தேவை என்பதை யார் சொல்ல வேண்டும்? தெரபிஸ்ட்டின் நோட்தான்.

இங்கேயும் இன்ஷூரன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. நாளைக்கு ஒரு கம்பெனி ஆள் மஞ்சள் அட்டையைப் பார்த்து, ‘24 நாளும் பெட்டர் என்றால் பத்தாம் நாளே நிறுத்தியிருக்கலாமே’ என்று கேட்பார். என்ன பதில் சொல்வீர்கள்? அதனால் இப்போதே, பில்லுக்காக இல்லாமல் நோயாளிக்காக எழுதப் பழகிவிடுங்கள். அப்படி எழுதினால் பில்லுக்கும் அது போதும். தலைகீழாகச் செய்தால் இரண்டுக்கும் உதவாது.

* * *

இப்போது கொஞ்சம் சூடான விஷயம். ஃபிசியோதெரபிஸ்ட்டுகள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்று ஒரு சண்டை. 2025 செப்டம்பரில், போடக்கூடாது என்று டெல்லியிலிருந்து மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் ஒரு கடிதம் விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே வாபஸ். எம்.பி.பி.எஸ்.காரர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம் என்று ஒரே களேபரம்.

அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். 2021-ல் இந்தத் துறைகளுக்கென்று தேசிய கமிஷன் சட்டம் வந்தது. ஃபிசியோதெரபிஸ்ட் முழுமையாகப் பரிசோதித்துச் சிகிச்சை தருகிறவர், தனியாகவே தொழில் செய்யலாம் என்று அந்தச் சட்டம் அங்கீகரிக்கிறது. வரவேற்கிறேன். இடுப்பு வலிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் நல்ல ஃபிசியோதெரபிஸ்ட்டுக்குத் தெரிந்தது பல டாக்டர்களுக்குத் தெரியாது. ஆனால் ‘நான் சுயமாக யோசிக்கிறவன், யாருடைய சீட்டுக்கும் எடுபிடி இல்லை’ என்பதற்குச் சாட்சி எது? நாலு கேள்வியில் மூன்றாவது: ‘எனக்கு என்ன புரிகிறது?’ அந்தக் கட்டம்தான் உங்கள் பட்டம், உங்கள் சுயமரியாதை. அதைக் காலியாக விட்டுவிட்டு வாசல் பலகையில் மட்டும் பெரிதாக எழுதி என்ன பிரயோஜனம்?

அதற்காக டாக்டர்கள் மார்தட்ட வேண்டாம். உங்கள் லட்சணம் தெரியாதா? பெரிய ஆபரேஷன் செய்துவிட்டு டிஸ்சார்ஜ் சீட்டில் ‘அட்வைஸ்: ஃபிசியோ’ என்று இரண்டே வார்த்தை. என்ன ஆபரேஷன், எவ்வளவு எடை ஊன்றலாம், எதைச் செய்யவே கூடாது என்று ஒரு வரி? தெரபிஸ்ட் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு வார்த்தையும் மருந்துக் கடைக்காரர் ஒருவருக்குத்தான் படிக்க வரும்.

* * *

சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லியாகிவிட்டது. டாக்டர்களுக்கான 2002-ம் வருஷத்து நடத்தை விதிகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரிக்கார்டுகளைக் கொடுக்க வேண்டும் என்கின்றன. அது டாக்டர்களுக்கானதுதான். ஆனால் நாலு பேர் நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதானே? என் முட்டியின் கதை எனக்குச் சொந்தம்.

தெரபிஸ்ட்டுக்கும் இதில் லாபம் இருக்கிறது. தப்பே செய்யாதவர் மேலும் கேஸ் வரும். அன்றைக்குக் கூண்டில் நின்று, “நான் சொன்னேன், அவங்க வீட்ல எக்ஸர்சைஸ் செய்யலை” என்றால் யார் நம்புவார்? அன்றைய தேதியில் அன்றே எழுதிய ஒரு வரிதான் வக்கீல். எழுதியதில் தப்பு வந்தால் ஒயிட்னர் பூசக் கூடாது. படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும். பிறகு ஞாபகம் வந்ததைச் சேர்த்தால், பிறகு சேர்த்தது என்றே எழுத வேண்டும். திருத்தினால் நம்பிக்கை கெடாது, மறைத்தால்தான் கெடும்.

இன்னொரு வியாதியும் பரவியிருக்கிறது. அட்டையில் எழுத நேரமில்லை, ஆனால் பேஷன்ட் நடப்பதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட நேரமிருக்கிறது. ‘முன், பின்’ என்று விளம்பரம். அந்தப் பாட்டியிடம் அனுமதி கேட்டீர்களா? எழுதி வாங்கினீர்களா? அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டுவதை ஊர் பார்ப்பது டாக்குமென்டேஷன் இல்லை, அநாகரிகம்.

அரசாங்கத்துக்கும் ஒரு மனு. 2021 ஆகஸ்ட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது வீடு தேடிப் போய் ஃபிசியோதெரபி கொடுப்பதும் அதில் சேர்ந்தது. பக்கவாதம் வந்து கிராமத்துத் திண்ணையில் கிடந்தவரைத் தேடி ஒரு தெரபிஸ்ட் போகிறார் என்பது நான் கைதட்டுகிற விஷயம். ஆனால் இத்தனை லட்சம் பயனாளிகள், இத்தனை கோடி பேர் என்றுதான் மேடையில் சொல்கிறார்கள். எண்ணிக்கை போதாது. திண்ணையில் கிடந்தவர்களில் எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் தாமாகக் கொல்லைக்குப் போய் வந்தார்கள்? அந்தக் கணக்கையும் அதே சத்தத்தோடு சொல்லுங்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் முதல் நாளே யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

* * *

கடைசியாக உங்களுக்கு. ஆமாம், நாமும் சும்மா இல்லை. ‘எழுதிக்கிட்டே இருக்கார், கரன்ட் எப்ப வைப்பார்’ என்று முணுமுணுக்கிறவர்கள் நாம்தான். அளந்து பார்க்கிற தெரபிஸ்ட்டை ‘டயத்தை ஓட்டறார்’ என்கிறோம். பதினைந்து நிமிஷம் கரன்ட் வைத்தால் கொடுத்த காசுக்கு ஜீரணமாகிறது.

அடுத்த தடவை உங்களுக்கோ உங்கள் அப்பா அம்மாவுக்கோ ஃபிசியோதெரபி என்றால் மரியாதையாக, சிரித்துக்கொண்டே, ஐந்து கேள்வி கேளுங்கள். இன்றைக்கு என்ன அளவு இருக்கிறது? எத்தனை வாரத்தில் எந்த அளவுக்கு வர வேண்டும்? அப்போது நான் எதைச் செய்ய முடியும். படி ஏறலாமா, பஸ் ஏறலாமா, தரையில் உட்காரலாமா? அடுத்து என்றைக்கு அளப்பீர்கள்? அந்த அளவு வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பதிலை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைத் தமிழில் எழுதி வாங்குங்கள்.

நல்ல தெரபிஸ்ட் சந்தோஷப்படுவார். இத்தனை நாள் இதை யாருமே கேட்கவில்லையே என்றிருந்தவர் அவர். கோபப்படுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வேறு கிளினிக் பார்த்துக்கொள்ளுங்கள்.

“பெட்டர்னு எழுதியிருக்கீங்களே ஸார், எத்தனை டிகிரி?”